பட்டை, ஷாக், புஷ்... ஒரே நேரத்தில் மாற்றுவதா, ஒவ்வொன்றாக மாற்றுவதா?

லோடு வண்டி வைத்திருக்கும் விவசாயிகளுக்கு ஒரு செலவுக் கணக்கு

திண்டுக்கல் மாவட்டத்தில் காய் விளைவிப்பது பாதி வேலைதான். அதைக் கெடாமல் சந்தையில் இறக்குவது மீதிப் பாதி. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கும், அய்யலூர் தக்காளிச் சந்தைக்கும், நிலக்கோட்டை பூச்சந்தைக்கும் போகும் சிறு லோடு வண்டிகளில் பல, விவசாயிகளே கடன் போட்டு வாங்கியவை. தோட்டத்து வண்டிப்பாதை, கண்மாய்க் கரை, ஊருக்கு ஊர் வேகத்தடை என்று எல்லாவற்றையும் ஏறி இறங்கித்தான் இந்த வண்டிகள் தார்ச்சாலையைப் பிடிக்கின்றன. இரண்டு, மூன்று வருடத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்கிறது, பின்பக்கம் தொய்கிறது, காலியாக வரும்போது ‘கடகட’வென்று சத்தம் கொடுக்கிறது.

பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒருவர், “எல்லாத்தையும் மொத்தமா மாத்திடுங்க” என்கிறார். இன்னொருவர், “இப்போதைக்கு ஷாக் மட்டும் போடுங்க, மத்ததை அடுத்த அறுவடைக்குப் பார்ப்போம்” என்கிறார். மூன்றாமவர், “பின்னாடி ஒரு பட்டை கூடுதலாப் போட்டா எல்லாம் சரியாயிடும்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் மொத்தமாக மாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலான வண்டிகளுக்கு இல்லை. ஆனால், சில பாகங்களைத் தனித்தனியாக மாற்றவே கூடாது. ஒரே அச்சில் இடமும் வலமும் ஒன்றாக மாற வேண்டும். ஒருமுறை கழற்றினால் கைக்கு வரும் பாகங்கள் ஒன்றாக மாற வேண்டும். மற்றதைத் தவணையாகச் செய்யலாம், அதற்கும் ஒரு வரிசை உண்டு. கூடுதல் பட்டை போடுவது மட்டும் இந்தக் கணக்கிலேயே சேராது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எது என்ன வேலை செய்கிறது?

கட்டை வண்டிக்கும் வில் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். கட்டை வண்டியில் அச்சின் மேல் நேராகப் பாரம் உட்காரும். கல்லில் சக்கரம் ஏறினால் உட்கார்ந்திருப்பவர் முதுகு சொல்லும். வில் வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே இரும்புப் பட்டைகளை அடுக்கி வில்லாக வைத்திருப்பார்கள். பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்குப் போனது அந்த வண்டியில்தான். இன்றைய லோடு வண்டியின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டையும் அதே வில்தான். லீஃப் ஸ்பிரிங் என்று கடையில் கேட்பதும் இதைத்தான்.

பட்டையின் வேலை பாரத்தைத் தாங்குவது. பள்ளத்தில் இறங்கும்போது வளைந்து, மேட்டில் ஏறும்போது நிமிரும். ஆனால், வளைந்த வில் ஒருமுறை நிமிர்ந்ததோடு நிற்காது. திரும்பத் திரும்ப ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சர்பரின் வேலை. ஷாக் பாரத்தைத் தாங்காது. இது பலருக்கும் குழப்பமான இடம். வண்டி தொய்ந்துபோனதற்கு ஷாக் மாற்றினால் தொய்வு போகாது. வண்டி குதிப்பதற்குப் பட்டை மாற்றினால் குதிப்பு நிற்காது.

பட்டையின் இரண்டு முனைகளையும் சேஸுடன் சேர்க்கும் இடத்தில் பின், ஷேக்கிள், புஷ் ஆகியவை இருக்கின்றன. பட்டை நீள்வதற்கும் சுருங்குவதற்கும் ஷேக்கிள் இடம் கொடுக்கிறது. இரும்பும் இரும்பும் உரசாமல் புஷ் காக்கிறது. பட்டைக் கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது யு போல்ட். பட்டைகளை ஒன்றோடொன்று நகராமல் நடுவில் கோத்து நிற்பது சென்டர் போல்ட்.

இவை எல்லாம் ஒரே குடும்பம். ஒருவர் வேலை செய்யாவிட்டால் அந்தச் சுமை அடுத்தவர் தலையில் விழும். ஷாக் செத்த வண்டியில் பட்டை அதிகம் ஆடி, சீக்கிரம் களைத்து முறியும். புஷ் தேய்ந்த வண்டியில் பின் தேயும், அச்சு லேசாக நகரும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். யு போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுபடும், பட்டை நடுவில் முறியும். எனவே, ‘எது உடைந்தது’ என்று மட்டும் பார்க்காமல், ‘எதனால் உடைந்தது’ என்று பார்த்தபிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும்.

ஜோடியைப் பிரிக்காதீர்கள்

ஏரில் ஒரு பக்கம் கிழட்டு மாட்டையும் மறுபக்கம் இளங்காளையையும் பூட்டினால் உழவு நேராக வராது. பட்டையும் ஷாக்கும் அப்படித்தான். இடதுபக்கம் புதுப் பட்டை, வலதுபக்கம் ஐந்து வருடப் பழைய பட்டை என்றால், வண்டி பழைய பட்டைப் பக்கம் சாயும். அந்தப் பக்கத்து டயருக்கும் பேரிங்குக்கும் சுமை கூடும். வளைவில் ஒரு பக்கம் இழுக்கும். புது ஷாக் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், பள்ளத்தில் ஒரு சக்கரம் சாலையைப் பிடிக்கும், மற்றது குதிக்கும். பிரேக் பிடிக்கும் நேரத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அதனால் முன் அச்சு என்றால் முன்பக்கம் இரண்டும், பின் அச்சு என்றால் பின்பக்கம் இரண்டும். இது முதல் விதி. முன்னும் பின்னும் சேர்த்து நான்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று விதி இல்லை. காய்கறி வண்டிகளில் பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது பின் அச்சு. அதனால் பின்பக்கப் பட்டை பெரும்பாலும் முதலில் களைக்கும். முன்பக்கம் நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

ஒரே ஒரு பட்டை மட்டும் முறிந்து, மற்றவை நன்றாக இருந்தால்? அந்த ஒன்றை மட்டும், அதே அகலம், அதே தடிமன், அதே வளைவில் மாற்றலாம். மாற்றியபின் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் சக்கரத்தின் நடுவிலிருந்து வண்டிப் பெட்டியின் விளிம்புவரை நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சரி. கண்ணுக்குத் தெரிகிற அளவு வித்தியாசம் இருந்தால் மறுபக்கமும் களைத்துவிட்டது என்று பொருள்.

ஒருமுறை கழற்றினால் சேர்த்து முடியுங்கள்

இரண்டாவது விதி கூலிக் கணக்கு. பட்டைக் கட்டைக் கழற்ற வேண்டுமென்றால் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரம் கழற்றி, யு போல்ட்டை அவிழ்த்து, பின்னைத் தட்டி எடுக்க வேண்டும். துருப்பிடித்த பின் வராமல் அடம்பிடிக்கும். இவ்வளவும் செய்தபிறகு பழைய புஷ்ஷையே திரும்ப மாட்டிவிட்டு வந்தால், ஆறு மாதத்தில் அதே வேலையை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். கழற்றி மாட்டும் கூலி 1,500 ரூபாய், புஷ் செட் 600 ரூபாய். பட்டை மாற்றும்போதே புஷ்ஷையும் மாற்றினால் கூடுதல் செலவு 600 மட்டும். அதைத் தள்ளிப்போட்டால் பிறகு ஆகும் செலவு 2,100. அதோடு ஒருநாள் வண்டி ஓடாது. உங்கள் ஊர் விலையை இந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். தொகை மாறலாம், முடிவு மாறாது.

பட்டை மாற்றும்போது சேர்த்து மாற்ற வேண்டியவை: புஷ், தேய்ந்த பின், சென்டர் போல்ட், யு போல்ட்டும் அதன் நட்டும். யு போல்ட்டைப் பார்த்தால் நன்றாக இருப்பதுபோலவே இருக்கும். ஆனால், ஒருமுறை முழு இறுக்கத்தில் நீண்ட போல்ட் மறுபடியும் அதே பிடி கொடுக்காது. இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

ஷாக் அப்படியல்ல. பெரும்பாலான லோடு வண்டிகளில் பின் ஷாக்கை மேலும் கீழும் இரண்டு போல்ட்டில் கழற்றிவிடலாம். பட்டையைத் தொட வேண்டியதில்லை. அதனால் ஷாக்கைத் தனியாக, வேறொரு மாதத்தில் மாற்றலாம். கூலி நஷ்டம் அதிகம் வராது. காரைப்போல முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்புள்ள வண்டியாக இருந்தால் மட்டும், அந்த ஒரு கழற்றலிலேயே மேல் மவுண்ட், ரப்பர் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுவது நல்லது.

தவணையில் செய்தால் எது முதலில்?

கையில் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது, அறுவடை நெருங்குகிறது என்றால் இந்த வரிசையில் போகலாம்.

முதலில், செலவில்லாத சோதனை. டயரில் காற்று, டயர் தேய்ந்திருக்கும் விதம், யு போல்ட் இறுக்கம், கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களில் கிரீஸ். ‘கடகட’ சத்தங்களில் சில, காய்ந்துபோன ஷேக்கிளிலிருந்தோ தளர்ந்த போல்ட்டிலிருந்தோதான் வருகின்றன. புதுப் பாகம் வாங்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

இரண்டாவது, ஆபத்தானவை. முறிந்த பட்டை, அதிலும் முக்கியமாகக் கண் உள்ள மெயின் பட்டை. அறுந்த சென்டர் போல்ட், விரிசல் விட்ட ஷேக்கிள், சேஸில் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டில் விரிசல். மெயின் பட்டை முறிந்தால் அச்சே நகர்ந்துவிடும், வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். இவற்றுக்குத் தவணை கிடையாது. பணம் இல்லையென்றால் வண்டியை நிறுத்திவிட்டு, வாடகை வண்டியில் காயை அனுப்புவதுதான் மலிவு.

மூன்றாவது, புஷ்ஷும் பின்னும். கடப்பாரையைப் பட்டைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே கொடுத்து நெம்பிப் பாருங்கள். தாராளமாக ஆடினால் புஷ் போய்விட்டது. இதைச் செய்யாமல் புது ஷாக் போட்டால், அதன் பலன் பாதிகூடத் தெரியாது.

நான்காவது, ஷாக். மேலே எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தால், டயரில் மேடும் பள்ளமுமாகத் தேய்மானம் தெரிந்தால், வேகத்தடை தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை ஆடினால், ஷாக் முடிந்தது. அச்சுக்கு இரண்டாக மாற்றுங்கள்.

ஐந்தாவது, உடையாமல் தொய்ந்த பட்டை. இதுதான் பெரிய செலவு. இதைத் திட்டமிட்டு, அறுவடை இல்லாத மாதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக வீல் அலைன்மென்ட். முன்பக்கத்தில் எந்த வேலை செய்தாலும் அதன்பின் இதைப் பார்க்க வேண்டும். முன் வேலையை இரண்டு தவணையாகச் செய்தால் இரண்டு முறை அலைன்மென்ட் செலவு வரும். முன்பக்க வேலைகளை ஒன்றுசேர்த்துச் செய்வதற்கு இது இன்னொரு காரணம்.

‘ஒரு பட்டை கூடுதலாக’ போட்டால் என்ன?

இந்தப் பகுதியில் பலரும் செய்வதும், அதிக நஷ்டம் தருவதும் இதுதான். 750 கிலோ வண்டியில் ஒன்றரை டன் ஏற்றுவதற்காகப் பின்பக்கம் ஒரு பட்டையைக் கூட்டுவார்கள், அல்லது தடிமனான பட்டை போடுவார்கள். தொய்வு நிற்கும், வண்டி நிமிர்ந்து நிற்கும். பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும்.

பட்டையின் விறைப்பு அதன் தடிமனைப் பொறுத்து மிக வேகமாகக் கூடும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால், 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 10 மில்லிமீட்டர் போட்டாலே விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். அந்த விறைப்புக்கு ஏற்ற ஷாக் வண்டியில் இல்லை. காலியாகத் திரும்பும்போது பின்சக்கரம் சாலையில் நிற்காமல் துள்ளும். பட்டை வாங்கிக்கொள்ளாத அடி நேராகச் சேஸுக்கும் வெல்டிங்குக்கும் போகும். பட்டை தாங்கும். ஆனால் அச்சு, பேரிங், டயர், பிரேக் லைனர், கிளட்ச் எல்லாம் பழைய எடைக்குச் செய்தவை. பலவீனத்தை ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தள்ளிவிட்டோம், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு கம்பியோ சிறு ஸ்பிரிங்கோ இணைத்த வால்வு ஒன்று இருக்கும். லோடு சென்சிங் வால்வு என்பார்கள். பாரம் ஏறிப் பட்டை அமுங்கினால், பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டி காலியாக இருந்தால் குறைக்கும். கூடுதல் பட்டை போட்டால், பாரம் ஏற்றினாலும் பட்டை அமுங்காது. வால்வு ‘வண்டி காலி’ என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்தே வைத்திருக்கும். அதிகப் பாரம், குறைந்த பிரேக். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலைப்பாதையிலும் வாழைத்தாரோடு இறங்கும் வண்டிக்கு இது உயிர் விஷயம். உங்கள் வண்டியில் அந்த வால்வு இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பட்டை வேலை எதைச் செய்தாலும், அந்தக் கம்பியைத் திரும்ப மாட்டி, வண்டிக் கம்பெனி சொல்லும் அளவில் வைத்தார்களா என்று பாருங்கள்.

சட்டமும் இதை விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டிக் கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக, ஆர்.சி.யில் உள்ள விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அதிகப் பாரத்துக்குச் சட்டத்தில் உள்ள அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஏற்றிய சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்.

அதே அளவு, அதே வகைப் பட்டையைப் பழுதுக்காக மாற்றுவதில் எந்தச் சிக்கலும் இல்லை. வேறு அளவுக்குப் போவதுதான் சிக்கல்.

பாரத்தைச் சரியாக எண்ணுகிறோமா?

அதிகப் பாரம் ஏற்றுவதில்லை என்று நினைப்பவர்களும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் சந்தைகளில் தக்காளிப் பெட்டிக்கு 14 கிலோ என்பது வழக்கம். 50 பெட்டி ஏற்றினால் 700 கிலோ. 750 கிலோ வண்டிக்கு இன்னும் இடமிருக்கிறது என்று தோன்றும். காலிப் பெட்டி ஒன்று ஒன்றரை கிலோ என்று வைத்தால் 50 பெட்டிக்கு 75 கிலோ. ஆக 775. தார்ப்பாய், கயிறு, பெட்டி இறக்கக் கூட வரும் ஆட்கள் இருவர் என்றால் 900 கிலோவைத் தாண்டிவிடும்.

ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் மொத்த எடையும் வெற்று எடையும் போட்டிருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். ஓட்டுநரும் அதில் அடக்கம். ஒருமுறை முழு லோடோடு எடைமேடையில் ஏற்றி, ரசீதை ஆர்.சி.யோடு வைத்துப் பாருங்கள். பட்டை ஏன் வருடா வருடம் தொய்கிறது என்ற கேள்விக்கு அந்த ரசீதே பதில் சொல்லிவிடும்.

அடிபடும் காய்க்கும் கணக்கு உண்டு

லூதியானாவில் உள்ள ஐ.சி.ஏ.ஆர்.-சிபெட் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், அறுவடையிலிருந்து விற்பனை வரை ஏற்படும் இழப்பு கொய்யாவில் 15.88 சதவிகிதம், தக்காளியில் 12.44 சதவிகிதம் என்று கணக்கிட்டிருந்தார்கள். இது முழுக்க வண்டியால் வரும் இழப்பு அல்ல. பறிப்பது, கொட்டுவது, சேமிப்பது எல்லாம் சேர்ந்தது. ஆனால், ஆயக்குடி கொய்யாவும் அய்யலூர் தக்காளியும் வண்டியில் படும் அடி அதில் ஒரு பங்கு. அந்தப் பங்கு நம் கையில் இருக்கிறது.

பெட்டிக்கு அரைக் கிலோ அடிபடுவது மிச்சமானால், 50 பெட்டிக்கு 25 கிலோ. வாரம் மூன்று நடை என்றால் 75 கிலோ. கிலோ 20 ரூபாய் விற்கும் காலத்தில் வாரத்துக்கு 1,500 ரூபாய். பின் ஷாக் இரண்டு போடுவதற்கான பணம் எத்தனை வாரத்தில் திரும்பும் என்பதை உங்கள் மெக்கானிக் சொல்லும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. அடுக்கில் மேலே உள்ள பெட்டிதான் அதிகம் குலுங்கும். பின் அச்சைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் வால்பக்கமும் அப்படியே. எனவே கனிந்த தக்காளியையும் கொய்யாவையும் கேபின் பக்கம், கீழ்ப் பாதியில் வையுங்கள். முருங்கை, சேனை, பூசணி போன்றவற்றை வால்பக்கம் வைக்கலாம். பெட்டியை விளிம்புக்கு மேல் குவிக்காமல் நிரப்பி, ஆடாமல் கட்டுங்கள். காலி வண்டியைக் குதிக்க வைக்கும் வேகத்தில் ஓட்டினால் பட்டையின் ஆயுள்தான் குறையும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

பாகத்தின் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முறிந்த பட்டையின் உடைந்த முகத்தில் ஒரு பகுதி துருவேறிக் கறுத்திருந்தால், அது பல நாளாக விரிசல் விட்டு வந்திருக்கிறது. முழுதும் பளபளவென்று புதிதாக இருந்தால், ஒரே அடியில் அதிகப் பாரத்தில் முறிந்திருக்கிறது. அடுத்த முறை எதைத் திருத்த வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி.

முறிந்த பட்டைக்கு வெல்டிங் வைக்க விடாதீர்கள். பட்டை இரும்பு சூடேற்றிக் குளிரவைத்துப் பதம் செய்தது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும். தொய்ந்த பட்டையைச் சூடாக்கி அடித்து வளைப்பதும் அப்படித்தான். நிமிர்ந்ததுபோல வரும், சில மாதத்தில் மறுபடி தொய்யும்.

புதுப் பட்டை மாட்டி, பாரத்தோடு சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யு போல்ட்டை ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். பல பட்டறைகளில் இதற்குக் கூலி வாங்குவதில்லை, ஆனால் நாம்தான் போவதில்லை. புதுப் பட்டை சீக்கிரம் முறிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கோழி எரு, யூரியா, பொட்டாஷ் ஏற்றி இறக்கிய நாளில் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். உரத்தின் உப்பு பட்டைகளுக்கு நடுவே தங்கினால் துரு அரிக்கும். துருவுக்கு மருந்து என்று கழிவு எண்ணெயை அடியில் அடிப்பது வேண்டாம். ரப்பர் புஷ் ஊறிக் கெடும். பிரேக்கில் பட்டால் அதைவிட மோசம்.

வாசகர்கள் கேட்கும் சில கேள்விகள்

கேள்வி: எஃப்.சி. வரப்போகிறது. அதற்கு முன் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. முறிவு, விரிசல், எண்ணெய்க் கசிவு, சாய்வு ஆகியவை இல்லாமல் இருக்க வேண்டும். எட்டு வருடம் வரையுள்ள வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்கு மேல் வருடம் ஒருமுறையும் எஃப்.சி. வருகிறது. பட்டை வேலையை அதற்கு ஒரு மாதம் முன்பு வைத்துக்கொண்டால், யு போல்ட் மறு இறுக்கமும் அதற்குள் முடிந்துவிடும்.

கேள்வி: முன்பக்கம் இரண்டு, மூன்று பட்டைதான் இருக்கிறது. பின்பக்கம்போல இன்னொன்று சேர்க்கலாமா?

பதில்: கூடாது. சில சிறு லோடு வண்டிகளின் முன்பக்கம் பாரபாலிக் பட்டை வருகிறது. நடுவில் தடித்து முனையில் மெலிந்திருக்கும், பட்டைகள் ஒன்றோடொன்று முழுதாக உரசாது. அதில் சாதாரணப் பட்டையைச் சேர்த்தால் அமைப்பே கெட்டுவிடும். பழுதானால் முழுக் கட்டாக, ஜோடியாக மாற்றுங்கள்.

கேள்வி: பழைய வண்டியிலிருந்து கழற்றிய பட்டை பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: பட்டை எத்தனை லட்சம் முறை வளைந்து நிமிர்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பிராக்கெட், ஷேக்கிள் போன்றவற்றை விரிசல் பார்த்து வாங்கலாம். பட்டை, ஷாக், யு போல்ட் மூன்றையும் பழையதாக வாங்க வேண்டாம்.

கேள்வி: டிராக்டர் டிரெய்லருக்கும் இது பொருந்துமா?

பதில்: பட்டை வைத்த டிரெய்லருக்கு ஜோடி விதியும் யு போல்ட் விதியும் அப்படியே பொருந்தும். பட்டையே இல்லாத டிரெய்லரில் டயர் காற்றுதான் வில்லின் வேலையைச் செய்கிறது. அதனால் காற்றைக் குறைக்காமலும், கல்லாகக் கூட்டாமலும் சொன்ன அளவில் வையுங்கள்.

கேள்வி: மொத்தமாகச் செய்ய எந்த வண்டிக்குத் தேவை?

பதில்: பல வருடம் கவனிக்காமல் விட்ட வண்டி, புதிதாக வாங்கிய பழைய வண்டி, விபத்தில் அடிபட்ட வண்டி. எது எப்போது மாறியது என்றே தெரியாதபோது, ஒரு அச்சை முழுதாகச் செய்துவிட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த தவணையை அந்த நோட்டு சொல்லும்.

மழைக்கு முன் வரப்பைப் பார்ப்பதுபோல, அறுவடைக்கு மூன்று வாரம் முன்பு வண்டியின் அடியில் ஒருமுறை படுத்துப் பாருங்கள். ஒரு டார்ச், ஒரு கடப்பாரை, ஒரு நாடா போதும். ஆபத்தானதை அன்றே, ஜோடியை ஒன்றாக, கழற்றியதைச் சேர்த்து, மற்றதை வரிசைப்படி என்று பிரித்துக்கொண்டால், கையில் இருக்கும் பணத்துக்குள்ளேயே வண்டி சந்தைக்குப் போய்வரும்.